எடைக்கருவி காட்டாத இழப்பு

"வயதாகிவிட்டது, உடம்பு வற்றத்தான் செய்யும்" என்று நோயாளியைப் பார்க்க வருகிறவர்களும் உறவினர்களும், சில நேரங்களில் மருத்துவர்களுமே மிக இயல்பாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆறுதலாகச் சொல்லப்படுவதுதான் என்றாலும் இதை நான் ஏற்பதில்லை. தசை குறைவதில் வயதுக்குப் பங்கு உண்டு. ஆனால் நீரிழிவும் இதய நோயும் சிறுநீரக நோயும் நுரையீரல் நோயும் புற்றுநோயும் அதில் எடுத்துக்கொள்ளும் பங்கை வயதின் கணக்கில் எழுதிவிட்டால், அளக்கக்கூடிய ஒன்றை அளக்காமலும் தடுக்கக்கூடிய ஒன்றைத் தடுக்காமலும் விட்டுவிடுவோம். சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், உப்புகளின் அளவு என்று எண்களால் நிறைந்த ஒரு நோயாளியின் கோப்பில், அவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கிறாரா என்ற ஒற்றைக் குறிப்பைப் பெரும்பாலும் காண முடிவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது.

மனித உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம், எலும்புகளோடு இணைந்து நம்மை இயக்கும் தசைதான். 30 வயதைக் கடந்தபின் ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் இதில் 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது என்றும், 60-க்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தசையின் அளவு குறைவதைவிட அதன் வலிமை வேகமாகக் குறைகிறது. தசைக்குள் கொழுப்பு ஊடுருவுவதும், தசையை இயக்கும் நரம்புகள் குறைவதும் அளவுநாடாவில் தெரிவதில்லை. முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் இயக்க நரம்பணு ஒன்று மடிந்தால், அது இயக்கிக்கொண்டிருந்த தசை நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, மற்றவை சுருங்கி மறைகின்றன. இப்படி முதலில் இழக்கப்படுபவை பெரும்பாலும் வேகமாகச் சுருங்கும் நார்கள். நடக்கும்போது கால் இடறினால் அடுத்த காலைச் சட்டென முன்னே வைத்து உடலைத் தாங்குவது அந்த நார்களின் வேலை. முதியவர்கள் இடறுவதைவிட, இடறியபின் சமாளிக்க முடியாமல் போவதுதான் இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடுகிறது.

தசையை உடலை நகர்த்தும் கருவியாக மட்டும் பார்ப்பதால்தான் அதன் இழப்பு நமக்குப் பெரிதாகப் படுவதில்லை என்று நினைக்கிறேன். உடலிலுள்ள புரதத்தில் பாதிக்கும் மேல் தசையில்தான் இருக்கிறது. காய்ச்சலோ காயமோ அறுவை சிகிச்சையோ வரும்போது, நோய் எதிர்ப்பு அணுக்கள் பெருகுவதற்கும், கல்லீரல் அவசரகாலப் புரதங்களைச் செய்வதற்கும், காயம் ஆறுவதற்கும் தேவைப்படும் அமினோ அமிலங்களைத் தசையே தன்னை உடைத்துக் கொடுக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்கிக்கொள்வதும் தசைதான். ஆகவே, தசை குறைந்தவர் மெலிந்தவராக மட்டும் இருப்பதில்லை. அடுத்த நிமோனியாவை எதிர்கொள்ளக் கையிருப்பு இல்லாதவராகவும், சர்க்கரை கட்டுக்குள் நிற்காதவராகவும் இருக்கிறார். மூச்சு வாங்கும் உதரவிதானமும், சளியை வெளியேற்ற இருமும் வயிற்றுத் தசைகளும், உணவை விழுங்கும் தொண்டைத் தசைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே. தீவிர நோய்க்குப் பிறகு முதியவர் ஒருவருக்கு அடிக்கடி புரையேறினால், தொண்டையின் தசைகளும் நலிந்திருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.

வயதால் வரும் தசைநலிவுக்கு சார்கோபீனியா என்ற பெயர் 1980-களின் இறுதியில்தான் வந்தது. அமெரிக்காவின் நோய்க்குறியீட்டுப் பட்டியலில் அதற்கென்று தனி எண் கிடைத்தது 2016-இல். நோயால் வரும் கடும் மெலிவான கேக்கெக்சியா மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்தது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கலாம், பெரும்பாலும் இருக்கின்றன. ஆனாலும் உள்ளே நடப்பது வேறுவேறு என்பதால், இரண்டாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

உணவே கிடைக்காமல் பட்டினி கிடக்கும் உடல் சிக்கனம் பழகிக்கொள்கிறது. எரிபொருள் செலவைக் குறைத்து, கொழுப்பை முன்னால் செலவழித்து, தசையை முடிந்தவரை காப்பாற்றுகிறது. புற்றுநோயிலும் முற்றிய இதயச் செயலிழப்பிலும் நாள்பட்ட அழற்சியிலும் இந்தச் சிக்கனம் குலைந்துவிடுகிறது. டிஎன்எஃப், இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் பசியை அடக்குவதோடு, தசை அணுக்களுக்குள் புரதத்தை உடைக்கும் பொறியையும் முடுக்கிவிடுகின்றன. உடைக்கப்பட வேண்டிய புரதத்தின்மேல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. அடையாளம் பெற்றவை புரோட்டியசோம் என்ற அமைப்புக்குள் இழுக்கப்பட்டுத் துண்டாகின்றன. இந்த அடையாள முறையைக் கண்டறிந்ததற்காக ஆரன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், தசை நலியும்போது தசை அணுக்களுக்குள் மிகுதியாக உருவாகி இந்த அடையாளத்தை ஒட்டும் அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்ற இரண்டு நொதிகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. பட்டினி, நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், படுக்கையில் கிடப்பது என்று காரணம் எதுவானாலும் தசை பெரும்பாலும் இந்த வழியிலேயே கரைகிறது. விதைநெல்லை அள்ளிச் சமைப்பதற்கு ஒப்பான இந்தச் செலவை, உணவு ஊட்டுவதால் மட்டும் முழுதாக நிறுத்திவிட முடிவதில்லை.

புற்றுநோயாளியின் குடும்பத்தார் இதை அறிந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2011-இல் வெளியான பன்னாட்டு நிபுணர் வரையறை, 6 மாதங்களில் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைவதையும், ஏற்கெனவே மெலிந்தவர்களிடமோ தசை குறைந்தவர்களிடமோ 2 சதவீதத்துக்கு மேல் குறைவதையும் கேக்கெக்சியா என்கிறது. வழக்கமான ஊட்டச்சத்து ஆதரவால் அதை முழுமையாக மீட்க முடியாது என்றும் அந்த வரையறையிலேயே சொல்லியிருக்கிறது. சமைத்து வைத்ததைத் தொடாமல் தட்டைத் தள்ளிவிடுகிறவரைப் பார்த்து "நீங்கள் மனது வைத்தால் சாப்பிடலாம்" என்று கெஞ்சுவதும் கோபிப்பதும் எத்தனையோ வீடுகளில் நடக்கின்றன. அவருடைய மனதுக்கு எட்டாத இடத்தில் அந்தப் பசி அணைக்கப்பட்டிருக்கிறது. வாய்ப்புண், குமட்டல், மலச்சிக்கல், வலி, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய தடைகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்வதும், பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும் பயன்தரும். வற்புறுத்தல் இருவரையும் புண்படுத்துவதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. நோயின் இறுதிக் கட்டத்தில் எடையைக் கூட்டும் முயற்சியையே விட்டுவிட்டு, அவருடைய சௌகரியத்தை மட்டும் பார்ப்பதுதான் சரியான மருத்துவம்.

சிறுநீரக நோயில் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவது தசை உடைவதைத் தூண்டுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சில கிராம் அமினோ அமிலங்கள் கழிவோடு வெளியேறுகின்றன. இதில் நாம் ஏமாந்துபோகக்கூடிய இடம் ஒன்றும் இருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையை அறிய நாம் நம்பியிருக்கும் கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாவது. தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறையும். ஆக, எலும்பும் தோலுமாக இருக்கும் முதியவர் ஒருவரின் கிரியேட்டினின் இயல்பான அளவில் இருப்பதைக் கண்டு சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று முடிவு செய்தால், சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துகளின் அளவு தவறிப்போக இடமுண்டு. தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இத்தகையவர்களுக்கு உதவும். நல்ல செய்தியாகத் தோன்றும் ஓர் எண், உண்மையில் தசை இழப்பின் அறிகுறியாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரல் அடைப்பு நோயில் வேறொரு சுழல். மூச்சு வாங்குகிறது என்று நடப்பதைக் குறைத்தால் தொடைத் தசை நலிகிறது; நலிந்த தசை சிறு உழைப்பிலேயே அமிலத்தைச் சேர்த்துக்கொள்கிறது; அந்த அமிலத்தைச் சமன்செய்ய இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டியிருக்கிறது. திடீர் மோசமடைதல்களுக்காகத் திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் தசையை அரிக்கின்றன. உயிர் காக்கும் நேரத்தில் அவை வேண்டியவைதான், ஆனால் அந்தச் செலவை யாராவது கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

இதயச் செயலிழப்பில் நடப்பதை என் தந்தையிடம் நேரில் பார்த்தேன். மாதாமாதம் பரிசோதனைக்குச் சென்றபோதெல்லாம் அவருடைய எடை ஒரே அளவில் நின்றது. கால்களில் நீர் கோத்திருந்ததால் அந்த எடையில் எவ்வளவு நீர், எவ்வளவு சதை என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. மருந்தின் அளவைக் கூட்டி நீரை இறக்கியபின், முழங்காலுக்கு மேலே தொடை உட்குழிந்திருப்பதும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் புறங்கையின் சதை பள்ளமாகியிருப்பதும், நெற்றிப்பொட்டுகள் குழிந்திருப்பதும் ஒரேயடியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அப்போது வந்த இயன்முறை மருத்துவர், இளம் பெண், கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு, "ஐயா, இரண்டு கையையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் பிடிக்காமல் ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள், நான் பக்கத்திலேயே நிற்கிறேன்" என்றார். தந்தை உடலை முன்னால் சாய்த்தார், பின்னால் போனார், மறுபடியும் வேகம் எடுத்து முன்னால் வந்தார். பாதி எழுந்ததும் முழங்கால்கள் நடுங்கி உட்கார்ந்துவிட்டார். "கை இருந்தால் எழுந்துவிடுவேன் அம்மா" என்று அவர் சொன்னதும், "அது எனக்குத் தெரியும் ஐயா, கை இல்லாமல் எழ வைப்பதுதான் என் வேலை" என்று அந்தப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னார். அத்தனை நாளும் எந்தக் கருவியும் காட்டாததை ஒரு நாற்காலி அரை நிமிடத்தில் காட்டியது.

இந்தச் சோதனைக்கு வரையறுக்கப்பட்ட எண்கள் உண்டு. ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலிமை குறைந்திருக்கலாம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு சொல்கிறது. ஆசிய நிபுணர் குழு 2019-இல் 12 விநாடியையே எல்லையாக வைத்தது. கைப்பிடி வலிமையை அளக்கும் டைனமோமீட்டரில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதும், கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதும் அதே ஆசியக் குழுவின் பரிந்துரைகள். காலில் நீர் கோத்தவருக்குக் கெண்டைக்கால் அளவு ஏமாற்றும். பருத்த உடலுக்கும் அப்படியே. கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பவர்களைப் பார்த்து யாரும் மெலிந்துவிட்டதாகச் சொல்வதில்லை என்பதால், அவர்களே மிகத் தாமதமாகக் கண்டறியப்படுகிறார்கள்.

படுக்கை ஓய்வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. நோய் எதுவும் இல்லாத அவர்களே அந்த 10 நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசைத் திசுவை இழந்தார்கள். காய்ச்சலும் அழற்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் மருத்துவமனையில் கட்டிலை விட்டு இறங்க விடாமல் வைப்பது, வீட்டில் "நீங்கள் எழ வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன்" என்று அன்போடு தடுப்பது ஆகிய இரண்டும் அடுத்த வீழ்ச்சியை நெருக்கமாக்குகின்றன. மருத்துவர் தடை சொல்லாதவரை, சாப்பிடும்போதாவது கட்டிலை விட்டு இறங்கி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

இனி, இழந்ததை மீட்க முடியுமா என்ற கேள்வி. 1990-இல் மரியா ஃபியதரோனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வை நான் சந்திக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதான, தளர்ந்த 10 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 80 சதவீதத்தை வாரத்துக்கு 3 நாள் கால்களால் தூக்க வைத்தார்கள். 8 வாரத்தில் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம்தான் கூடியிருந்தது, ஆனாலும் இருவர் கைத்தடியை விட்டார்கள். பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில் பெற்ற வலிமையில் கணிசமான பகுதி கரைந்தும் போனது. 1994-இல் அதே குழு 100 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் பயிற்சி பெற்றவர்களின் வலிமை 113 சதவீதம் உயர்ந்தது. பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமையில் பலன் கிடைக்கவில்லை. இவ்வளவு தெளிவான சான்று இத்தனை ஆண்டுகளாக இருந்தும், எடை தூக்கும் பயிற்சி என்றதும் அது இளைஞர்களுக்கானது என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. மெல்ல நடப்பது இதயத்துக்கு நல்லது. தொடைத் தசையை வளர்க்க அது மட்டும் போதாது. தசை தன் எல்லையை உணரும் அளவுக்குச் சுமை வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதே சிலருக்கு அந்தச் சுமை.

புரதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதிய தசை, ஒரு வேளையில் கிடைக்கும் சிறிதளவு புரதத்துக்கு இளைய தசையைப் போலப் பதில் தருவதில்லை. அதைத் தூண்ட ஒரு வேளைக்கே கூடுதலான புரதம் தேவைப்படுகிறது. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம். 2013-இல் வந்த நிபுணர் பரிந்துரை அதை முதியவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் என்றும், நோயுற்ற முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்றும் உயர்த்தியது. 60 கிலோ எடையுள்ள நோயுற்ற முதியவருக்கு அது 72 முதல் 90 கிராம் வரை வரும். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தால்தான் அது எட்டக்கூடியது. டயாலிசிஸ் தொடங்காத, முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்கள் தங்கள் மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் கேட்காமல் புரதத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மருந்துகள் வராமல் இல்லை. பசியைத் தூண்டும் அனமொரெலின் 2021-இல் ஜப்பானில் சில வகைப் புற்றுநோய்களின் மெலிவுக்காக அனுமதி பெற்றது. பெரிய பரிசோதனைகளில் அது கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கூட்டியது, கைப்பிடி வலிமையைக் கூட்டவில்லை. தசை வளர்ச்சிக்குத் தடைபோடும் மயோஸ்டாட்டின் 1997-இல் கண்டுபிடிக்கப்பட்டது முதல் அதைத் தடுக்கும் மருந்துகள்மேல் பெரும் நம்பிக்கை இருந்தது. அந்த வழியில் வந்த பிமாக்ருமாப் முதியவர்களின் தசையைப் பெருக்கியபோதும், அவர்களின் இயக்கத்தை மருந்தில்லாத குழுவைவிட மேம்படுத்தவில்லை. பசியை அடக்கும் ஜிடிஎஃப்-15 என்ற சமிக்ஞையைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் புற்றுநோயாளிகளின் எடையைக் கூட்டியதாக 2024-இல் முடிவுகள் வந்தன. அதை ஆவலோடு கவனித்து வருகிறேன். எந்த மருந்தானாலும் ஸ்கேனில் எத்தனை கிலோ கூடியது என்பதைவிட, நோயாளி எத்தனை விநாடியில் எழுந்து நின்றார் என்ற கேள்விக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சியைத் தொடங்கும் முன் சிலர் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்: ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், புதிதாகக் காலில் நீர் கோக்கிறவர்கள், எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள். அனுமதி கிடைத்ததும், நாற்காலியின் முதுகுப்புறம் சுவரில் முட்டியிருக்க, பக்கத்தில் ஒருவர் நிற்க, முதலில் இருக்கையின்மேல் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டித் தொடங்கலாம். எழுவது எளிதானதும் மெத்தையை எடுத்துவிட வேண்டும். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக இறங்க வேண்டும், தொடைக்குப் பாதி வேலை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. டயாலிசிஸ் நாளில் களைப்பு மிகும் என்பதால் மறுநாள் வைத்துக்கொள்வது நல்லது. சில மையங்களில் டயாலிசிஸ் நடக்கும்போதே, முதல் இரண்டு மணி நேரத்துக்குள், கட்டிலில் பொருத்திய மிதிகட்டையை மிதிக்க வைக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, அதே நாற்காலியில், அதே நேரத்தில் ஐந்து எழுதல்களுக்கு ஆகும் விநாடிகளைக் குறித்துவைத்து, அடுத்த பரிசோதனையின்போது மருந்துச்சீட்டோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள்.